ஊற்றுநீர்க் குடிநீரும் கிரிப்டோஸ்போரிடியம் தொற்றும்

ஊற்றுநீர் தெளிவாக இருப்பதால், அமெரிக்காவின் சில நகரங்கள் அதில் குளோரின் மட்டும் கலந்து நெடுங்காலம் குடிநீராக வழங்கி வந்தன. ஆனால் மழைக்குப் பின் ஊற்று விரைவில் கலங்குமானால், மேற்பரப்பு நீர் மண்ணில் போதுமான அளவு வடிகட்டப்படாமல் அதனுடன் கலக்கிறது என்று பொருள். சுண்ணாம்புப் பாறைப் பகுதிகளில் இது மிகுதி. அந்நாட்டின் 1989-ஆம் ஆண்டு விதி இத்தகைய ஊற்றுகளை ஆற்றுநீருக்கு இணையாகவே கருதுகிறது. 2006-ஆம் ஆண்டு விதி, வடிகட்டப்படாத நீரில் கிரிப்டோஸ்போரிடியம் ஒட்டுண்ணியைச் செயலிழக்கச் செய்வதையும் கட்டாயமாக்கியது.

இவ்வொட்டுண்ணி குளோரினால் எளிதில் அழிவதில்லை. புற ஊதாக் கதிர் அமைப்புகள் நிறுவப்படுவதன் முதன்மைக் காரணம் இதுவே. 1993-இல் மில்வாக்கி நகரில் ஏரிநீர் வழியாகப் பரவிய இத்தொற்றால் ஏறத்தாழ 4 லட்சம் பேர் நோயுற்றனர். உயிரிழந்தோரில் பெரும்பாலோர் எய்ட்ஸ் நோயாளிகள்.

நலமுடன் இருப்பவர்களுக்கு வயிற்றுப்போக்கு பெரும்பாலும் இரண்டு வாரங்களில் தானே நீங்கும். எச்.ஐ.வி., உறுப்பு மாற்றம், புற்றுநோய்ச் சிகிச்சை ஆகியவற்றால் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே, மேம்பாட்டுப் பணி முடியும் வரை கொதிக்க வைத்து ஆறிய நீரைப் பருகுவது குறித்து இவர்கள் தம் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். நீர் நன்கு கொதித்த பின் 1 நிமிடம் போதும். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலையூர்களில் 3 நிமிடம் தேவை. பல் துலக்கவும் பனிக்கட்டி செய்யவும் அந்நீரையே பயன்படுத்துக.