டஃபரின் மருத்துவமனைகள்: நோயாளி வந்தார், மருத்துவர் நிலைத்தாரா?

பந்தேல்கண்டில் உள்ள பன்னா சமஸ்தானத்தின் மகாராணி நோயுற்றபோது அவருக்கு மருத்துவம் பார்த்தவர் எலிசபெத் பீல்பி. லக்னோவில் கிறித்தவ மறைப்பணி அமைப்பொன்றில் பணியாற்றிய பீல்பியிடம் அப்போது மருத்துவப் பட்டம் இல்லை. 1881இல் அவர் இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது, இந்தியப் பெண்கள் நோயில் படும் துன்பத்தை விக்டோரியா அரசியிடம் எடுத்துச் சொல்லுமாறு மகாராணி செய்தி கொடுத்தனுப்பினார். அரசி பீல்பியைச் சந்தித்து அச்செய்தியைக் கேட்டார். பின்னர், வைஸ்ராயாகப் பொறுப்பேற்ற டஃபரின் பிரபுவின் மனைவியிடம் இதில் அக்கறை கொள்ளும்படி கூறினார். இதன் விளைவாக 1885இல் இந்தியப் பெண்களுக்குப் பெண்களைக் கொண்டே மருத்துவ உதவி வழங்கும் தேசியச் சங்கம் ஒன்று உருவாயிற்று. ‘டஃபரின் நிதி’ என்ற பெயரே அதற்கு நிலைத்தது.

மருத்துவமனை நடத்துவோர் எக்காலத்திலும் எதிர்கொள்ளும் கேள்விகள் இரண்டு: நோயாளிகளை எவ்வாறு வரச் செய்வது? பணியாளர்களை எவ்வாறு தங்கச் செய்வது? டஃபரின் நிதியினர் முதல் கேள்வியை நன்கு ஆராய்ந்திருந்தனர். ஆண் மருத்துவரின் முன் நிற்க இயலாத பர்தாப் பெண்களுக்காகத் தனி மருத்துவமனைகளும் தனி வார்டுகளும் எழுந்தன. பெண்களை மருத்துவர்களாகவும் செவிலியராகவும் மருத்துவச்சிகளாகவும் பயிற்றுவிப்பது அந்நிதியின் நோக்கங்களுள் ஒன்றாயிற்று.

இதற்குச் சற்று முன்பே பம்பாயில் இரண்டு கேள்விகளையும் ஒருசேர அணுகிய முயற்சி ஒன்று நடந்தது. சோராப்ஜி ஷாபூர்ஜி பெங்காலியும் அமெரிக்க வணிகர் ஜார்ஜ் கிட்ரெட்ஜும் திரட்டிய நிதி, கட்டடத்துக்கு முன்பாக ஆளைப் பற்றிச் சிந்தித்தது. இங்கிலாந்திலிருந்து பெண் மருத்துவர்களை வரவழைக்கவும் அவர்களுடைய ஊதியத்துக்கு உறுதியளிக்கவும் அது பயன்பட்டது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலப் போராடிய எழுவருள் ஒருவரான எடித் பீச்சி 1883இல் பம்பாய்க்கு வந்தார். பெண்களின் பொறுப்பிலேயே இயங்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் பெஸ்தோன்ஜி ஹோர்முஸ்ஜி காமா அளித்த கொடையால் அமைந்த காமா மருத்துவமனை 1886இல் திறக்கப்பட்டது.

டஃபரின் நிதியின் அமைப்பு வேறு. அரசர்களும் ஜமீன்தார்களும் அளித்த நன்கொடைகளையும், உள்ளூர்க் குழுக்களின் நிர்வாகத்தையும் அது நம்பியிருந்தது. கொடையாளரின் பெயரைக் கட்டடத்தின் முகப்பில் பொறிக்கலாம். மாதந்தோறும் வழங்கும் ஊதியத்தில் பொறிக்க முடியாது. ஆகவே கட்டடங்கள் பெருகிய வேகத்தில் பணிப் பாதுகாப்பு வளரவில்லை. ஓய்வூதியம் இல்லை, சீரான பதவி உயர்வு இல்லை. மருத்துவமனையின் அன்றாடப் பொறுப்பைப் பெண் மருத்துவர் சுமந்தாலும், மேற்பார்வை அதிகாரம் மாவட்டத்தின் சிவில் சர்ஜனிடம் இருந்தது. அவர் ஆண், பெரும்பாலும் ஆங்கிலேயர்.

பணியாளர்களிடையே இருந்த படிநிலை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. பிரிட்டிஷ் பதிவேட்டில் இடம்பெறத்தக்க பட்டம் உடையோர் முதல் நிலை. உதவி சர்ஜன் தகுதியினர் இரண்டாம் நிலை. மருத்துவமனை உதவியாளர் தகுதியினர் மூன்றாம் நிலை. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்ற காதம்பினி கங்குலி 1888இல் மாதம் 300 ரூபாய் ஊதியத்தில் அந்நகரின் டஃபரின் மருத்துவமனையில் நியமிக்கப்பட்டார். அவரே 1893இல் கடல் கடந்து சென்று பிரிட்டிஷ் தகுதிகளைப் பெற்றுத் திரும்பினார்.

மூன்றாம் நிலைக்கு ஹைமவதி சென் சான்று. இளம் வயதிலேயே கைம்பெண்ணான அவர், கல்கத்தாவின் காம்ப்பெல் மருத்துவப் பள்ளியில் வங்காள மொழி வழியாகப் பயின்றார். அவர் பெற்ற தகுதியின் பெயரிலேயே ‘வெர்னாகுலர்’, அதாவது நாட்டுமொழி, என்ற அடைமொழி இருந்தது. தேர்வில் அவருக்குரியதான தங்கப் பதக்கத்தை மாணவர்கள் எதிர்த்தமையால், வெள்ளிப் பதக்கத்தை ஏற்க நேர்ந்தது. 1894 முதல் 1910 வரை ஹூக்ளியின் டஃபரின் பெண்கள் மருத்துவமனையை அவர் நடத்தினார். குறைந்த ஊதியத்தையும், மேலிருந்த ஆண் மருத்துவரால் நேர்ந்த தொல்லையையும் தம் நினைவுக் குறிப்புகளில் வங்காளத்தில் எழுதி வைத்தார்.

இங்கே ஒரு முரண் புலப்படுகிறது. பிள்ளைப்பேற்றுக்கு வரும் பெண், அச்சத்தையும் கூச்சத்தையும் கடந்து தன் உடல்நிலையைச் சொல்லக்கூடிய மொழி வங்காளம். அம்மொழியில் கேட்டு அம்மொழியில் பதில் சொல்ல வல்ல மருத்துவரே நோயாளியை மருத்துவமனைக்கு ஈர்த்தவர். ஆயினும் அம்மொழியில் பயின்றார் என்பதே அவருடைய பதவியையும் ஊதியத்தையும் தாழ்த்தியது. நிறுவனத்துக்கு எந்தத் திறன் மிகவும் தேவைப்பட்டதோ, அத்திறனுக்கே அது மிகக் குறைந்த விலை வைத்தது.

குறைகள் முற்றியபோது பெண் மருத்துவர்கள் ஒன்றுதிரண்டனர். 1907இல் இந்தியப் பெண் மருத்துவர் சங்கம் தோன்றியது. அவர்களுடைய இடையறாத முறையீட்டின் பயனாக, 1914இல் அரசின் மானியத்துடன் பெண்கள் மருத்துவப் பணி நிறுவப்பட்டது. வரையறுக்கப்பட்ட ஊதியமும் பணி விதிகளும் முதன்முறையாகக் கிடைத்தன. ஆனால் தொடக்கத்தில் அதன் இடங்கள் 25 மட்டுமே. அவையும் முதல் நிலைத் தகுதியினருக்கு உரியவை. ஹைமவதி போன்றோர் அந்த வேலிக்கு வெளியிலேயே நின்றனர்.

‘லேடி டாக்டர்’ என்ற சொல் இன்றும் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் வழங்குகிறது. நோயாளிக்கு அது நம்பிக்கை தரும் சொல். அன்றைய நிர்வாகத்துக்கோ அது தாழ்ந்த ஒரு பணிப்பிரிவின் பெயர். இன்று கிராமப்புற மருத்துவமனைகளில் ஏன் மருத்துவர்கள் தங்குவதில்லை என்று ஆராய்வோர், நோயாளியின் வீட்டுவாசல் வரை சென்று அவரை அழைத்து வரும் துணைச் செவிலியர்களின் ஊதியப் பட்டியலையும் உடன் வைத்துப் பார்ப்பது நன்று. நோயாளியை வரவழைப்பவர் யார், அவருக்கு நிறுவனம் தருவது என்ன என்னும் இரு கேள்விகளையும் பிரித்துப் பார்த்ததே டஃபரின் நிதி செய்த பிழை.