விண்மீனின் வேகத்தைச் சொல்லும் கோடுகள்

ஊதிக்கொண்டே வரும் ரயில் எஞ்சின் உங்களைக் கடந்ததும், ஊதல் ஒலி சட்டெனத் தாழ்ந்து கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். எஞ்சின் நெருங்கும்போது ஒலியலைகள் நெருக்கமாகவும், விலகும்போது இடைவெளி விட்டும் நம் காதை அடைவதே காரணம். அலைகளுக்குரிய இந்த விளைவை 1842-இல் பிராக் நகரில் எடுத்துரைத்தவர் கிறிஸ்டியான் டாப்ளர். 1845-இல் ஹாலந்தில் பாய்ஸ் பாலட் என்பவர் ஊதுகொம்பு வாசிப்போரை ரயிலில் ஏற்றிச் சோதித்து, இது உண்மையே என்று காட்டினார்.

ஒளியும் அலையே. ஆகவே விலகும் விண்மீன் சிவந்து தோன்றும் என டாப்ளர் கருதினார். ஆனால் விண்மீன் ஒளியில் எல்லா நிறங்களும் கலந்துள்ளன. ஒரு பக்கம் சிறிது சிவப்பு கண்ணுக்குத் தெரியாத பகுதிக்கு நகர்ந்தால், மறுபக்கம் புற ஊதா ஒளி நகர்ந்து ஊதாவின் இடத்தை நிரப்பிவிடும். நிறம் மாறாது. எனவே நிறமாலையின் குறுக்கே உள்ள கோடுகளின் நகர்வையே கவனிக்க வேண்டும் என்று 1848-இல் பிரான்சின் ஃபிசோ விளக்கினார். கோடு தன் அலைநீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்ந்தால், வேகம் ஒளியின் வேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது வினாடிக்கு 300 கி.மீ.

இதைச் செய்து பார்க்கத் துணிந்தவர் லண்டனில் தம் வீட்டிலேயே வானாய்வுக்கூடம் அமைத்திருந்த வில்லியம் ஹக்கின்ஸ். சிரியஸ் விண்மீனின் ஹைட்ரஜன் கோட்டை, குழாயில் ஒளிரச் செய்த ஹைட்ரஜனின் கோட்டுடன் ஒப்பிட்டார். பூமியின் ஓட்டத்தையும் கணக்கில் கொண்டு, சிரியஸ் வினாடிக்கு 47 கி.மீ. வேகத்தில் விலகுகிறது என்று 1868-இல் அறிவித்தார்.

உண்மை என்ன? சிரியஸ் விலகவில்லை, வினாடிக்குச் சுமார் 5.5 கி.மீ. வேகத்தில் நம்மை நெருங்குகிறது! அளவு மட்டுமன்றித் திசையும் தவறிவிட்டது. 486 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்தக் கோட்டில் இந்த வேகம் ஏற்படுத்தும் நகர்வு ஏறத்தாழ 0.009 நானோமீட்டர்தான். காற்றில் நடுங்கும் மங்கலான கோட்டில் இதை எந்தக் கண்ணால் அளக்க முடியும்?

கண்ணின் வேலையை ஒளிப்படத் தட்டு ஏற்றது. ஜெர்மனியின் போட்ஸ்டாமில் ஹெர்மன் ஃபோகல் நிறமாலைகளைப் படமெடுத்து, நுண்ணோக்கியின் கீழ் நிதானமாக அளந்தார். அல்கோல் விண்மீன் ஒளி மங்குவதற்கு முன் விலகுகிறது, மங்கியபின் நெருங்குகிறது என்று 1889-இல் கண்டார். கண்ணுக்குத் தெரியாத துணை விண்மீன் ஒன்று அதனை மறைக்கிறது என்பது இதனால் உறுதியாயிற்று.

1995-இல் மேயர், கெலோ என்ற இருவர், 51 பெகாசி விண்மீன் வினாடிக்குச் சுமார் 60 மீட்டர் அளவில் முன்னும் பின்னும் அசைவதை இதே முறையால் அளந்தனர். அதைச் சுற்றும் கோள் ஒன்று வெளிப்பட்டது. ஹக்கின்ஸ் கண்ட எண் நிலைக்கவில்லை; அவர் கையாண்ட முறை நிலைத்துவிட்டது.

மாசி மாத முன்னிரவில் வானைப் பாருங்கள். இருக்கும் விண்மீன்களிலெல்லாம் பிரகாசமானது எதுவோ, அதுவே சிரியஸ்.