தீவை நகர்த்திய கணக்கு

யூல் வேர்ன் 1865-ல் எழுதிய நாவலில் சந்திரனுக்குப் போவது பீரங்கிக் குண்டில். புளோரிடாவில் நிலத்துக்குள் செங்குத்தாக வார்த்த பீரங்கி, 900 அடி நீளம். குண்டு வெளியேறும் வேகம் செக்கனுக்கு 12,000 யார், அதாவது ஏறக்குறைய 11 கிலோமீற்றர். வேர்னுக்குக் கணக்கில் கைகொடுத்தவர் அவருடைய உறவினரான கணித ஆசிரியர் ஆன்ரி கார்செ. வேகம் சரிதான். ஆனால் நான் உயர்தர வகுப்புக்குப் பிரயோக கணிதம் படிப்பித்தவன். இலக்கத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. வேகத்தின் வர்க்கத்தைக் குழல் நீளத்தின் இரட்டிப்பால் வகுத்துப் பாருங்கள். ஆர்முடுகல் புவியீர்ப்பைப் போல் 22,000 மடங்கு. அதைத் தாங்க வேர்ன் வைத்தது காலுக்குக் கீழே ஒரு தண்ணீர் மெத்தை. செக்கனில் இருபதில் ஒரு பங்குக்குள் மூன்று பயணிகளும் தரையோடு தரை.

இதற்காக வேர்னை நான் குறைத்து மதிக்கவில்லை. நீளத்தையும் வேகத்தையும் எழுதிவைத்தபடியால்தானே பிழை பிடிக்க முடிகிறது. 1901-ல் எச். ஜி. வெல்ஸ் ஈர்ப்பை மறைக்கும் ஒரு பொருளைக் கற்பனை செய்து ஆட்களைச் சந்திரனுக்கு அனுப்பினார். நல்ல கதை. பெருக்கவும் வகுக்கவும் அதில் ஒன்றுமில்லை.

இந்தப் பிழை பிடிக்கும் வாசிப்பை வெளிப்படையாக ஒரு விளையாட்டாக அறிவித்தவர் ஹால் கிளெமென்ட். இயற்பெயர் ஹரி ஸ்டப்ஸ். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர், பிறகு மசாசுசெட்ஸில் பள்ளிக்கூட விஞ்ஞான ஆசிரியர். (ஆசிரியர் என்பதால் எனக்குக் கொஞ்சம் பட்சபாதம் உண்டு.) அவருடைய ‘மிஷன் ஒஃப் கிரவிட்டி’ 1953-ல் ‘அஸ்டவுண்டிங்’ சஞ்சிகையில் தொடராக வந்தது. தொடர் முடியுமுன்பே, அந்த உலகத்தைத் தான் எப்படிக் கட்டினேன் என்று அதே சஞ்சிகையில் ஒரு கட்டுரையும் எழுதினார். எழுத்தாளன் அகப்படாமல் இருக்கப் பார்ப்பான், வாசகன் பிழை பிடிக்கப் பார்ப்பான், இதுதான் ஆட்டம் என்பது அவர் கட்சி.

கட்டிய விதத்தைப் பாருங்கள். 61 சிக்னி என்ற இரட்டை நட்சத்திரத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணை உண்டு, அதன் திணிவு வியாழனைப் போல் 16 மடங்கு என்று வானியலாளர் காய் ஸ்ட்ராண்ட் 1943-ல் அறிவித்திருந்தார். கிளெமென்ட் அதை எடுத்துக்கொண்டார். ஆனால் அவ்வளவு திணிவுள்ள கோளில் மனிதன் இறங்கினால் நசுங்கிப்போவான். ஆகவே கோளைச் சுழற்றினார், ஒரு நாள் வெறும் 18 நிமிடம் ஆகும்வரை. சுழற்சியில் கோள் தோசைக்கல் போலத் தட்டையாகிவிட்டது. நடுக்கோட்டில் ஈர்ப்பு நமக்கு மூன்று மடங்கு; கவச உடையோடு ஒரு மனிதன் தள்ளாடியாவது நிற்கலாம். துருவத்தில் 700 மடங்கு. கதை முழுக்க இந்த இரண்டு இலக்கங்களுக்கு நடுவில்தான் நடக்கிறது. அங்கே வாழ்வது மயிர்க்கொட்டி மாதிரித் தரையோடு ஒட்டிய, ஒன்றேகால் அடி நீள உயிரினம். ஒரு சாண் உயரத்திலிருந்து விழுந்தாலும் சாவு என்பதால், தலைக்கு மேலே ஏதாவது இருந்தாலே அவற்றுக்கு நடுக்கம். அந்தப் பயத்தை ஈர்ப்புக் கணக்கிலிருந்து உருவியெடுத்ததுதான் கிளெமென்டின் கெட்டித்தனம். மற்றப்படி அவருடைய உரைநடை ஆய்வுகூடக் குறிப்பேடு மாதிரித்தான்.

பிறகு எம்.ஐ.டி. விஞ்ஞானப் புனைகதைச் சங்கத்தார் கணக்கை மீண்டும் போட்டு, அந்தக் கோளுக்கு நடுக்கோட்டில் கூரான விளிம்பு இருக்கவேண்டும் என்று காட்டினார்கள். துருவ ஈர்ப்பும் 300 மடங்குக்குக் கீழே இறங்கியது. கிளெமென்ட் ஒப்புக்கொண்டார். ஸ்ட்ராண்டின் அந்தத் துணையும் பின்னாளில் வானியலிலிருந்தே காணாமல் போயிற்று. அது கிளெமென்டின் குற்றமல்ல.

லாரி நிவென் பட்டது இன்னும் கூட. 1970-ல் வந்த ‘ரிங்வேர்ல்ட்’ நாவலில் ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு வளையம், ஆரை 15.3 கோடி கிலோமீற்றர், சுழலும் வேகம் செக்கனுக்கு 1,240 கிலோமீற்றர். வேகத்தை வர்க்கித்து ஆரையால் வகுத்தால் செக்கன் வர்க்கத்துக்கு 10 மீற்றர் வருகிறது. நம் பூமியில் 9.8. கச்சிதம்! ஆனால் 1971-ல் பொஸ்டனில் நடந்த உலக விஞ்ஞானப் புனைகதை மாநாட்டில் எம்.ஐ.டி. மாணவர்கள் வளையம் நிலையற்றது, நிலையற்றது என்று நடைவழிகளில் கோஷம் போட்டுத் திரிந்தார்கள். அவர்கள் சொன்னது சரி. திண்ம வளையம் ஒரு பக்கம் இம்மி விலகினாலும், திரும்பி வர விசை இல்லை. விலகல் கூடிக்கூடி நட்சத்திரத்தில் போய் மோதும். சனியின் வளையம் ஒரே திண்மமாக இருக்க முடியாதென்று லாப்லாஸும், பிறகு மக்ஸ்வெல்லும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன்பே காட்டியிருந்தார்கள். புளோரிடாவில் ஒரு பள்ளிக்கூட வகுப்பு, வளையத்தின் மேல்மண் முழுக்கக் கடலுக்குள் போய்விடுமே என்று கேட்டது. நிவென் இரண்டாம் நாவல் எழுதி விளிம்பில் உந்திகள் பூட்டினார், மண்ணை மேலே ஏற்றக் குழாய் பதித்தார். ‘ரிங்வேர்ல்ட்’ முதல் பதிப்பிலோ பூமியே மறுபக்கம் சுழன்றது: பிறந்தநாளை நீட்டிக்க நாயகன் மேற்கே போவதற்குப் பதில் கிழக்கே போனான். அந்தப் பிழைப் பதிப்புக்குத்தான் இப்போது சேகரிப்பாளரிடம் கிராக்கி.

1956 முதல் இலங்கையில் குடியிருந்த ஆதர் சி. கிளார்க் வேறு வழி பிடித்தார். 1979-ல் வந்த ‘ஃபவுன்டன்ஸ் ஒஃப் பரடைஸ்’, வானத்துக்கு மின்தூக்கி கட்டும் கதை. அந்த எண்ணத்தை ரஷ்யப் பொறியியலாளர் யூரி அர்ட்சுதானொவ் 1960-லேயே ஒரு பத்திரிகையில் எழுதியிருந்தார். மின்தூக்கியின் அடி நடுக்கோட்டில் நிற்கவேண்டும். இலங்கையோ வடக்கே கிடக்கிறது. கிளார்க் தீவைத் தெற்கே 800 கிலோமீற்றர் நகர்த்தினார், சிவனொளிபாதமலையின் உயரத்தை இரட்டிப்பாக்கினார், மலையைச் சிகிரியாவுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் தாமே சொல்லியும் விட்டார். பிடிக்கிறவனுக்கு என்ன மிச்சம்?

மிச்சம் இருந்தது. சிவனொளிபாதமலை நடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 753 கிலோமீற்றரில் இருக்கிறது. தீவை 800 நகர்த்தினால் மலை நடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே 47 கிலோமீற்றர் போய்விடுகிறது. சிகிரியா மலைக்கு வடக்கே. ஆக, மலையைச் சிகிரியாப் பக்கம் 47 கிலோமீற்றர் நகர்த்தினால் அச்சொட்டாக நடுக்கோட்டில் நிற்கும். கிளார்க் இதையும் போட்டுப் பார்த்தாரோ என்னவோ. அந்தக் கணக்கில் யாழ்ப்பாணம் வடக்கே இரண்டரைப் பாகைக்கு வந்துவிடுகிறது. சித்திரை வருஷப்பிறப்பை ஒட்டி எங்கள் உச்சிக்கு நேரே வரும் சூரியன், கிளார்க்கின் தீவில் பங்குனி நடுவிலேயே வந்து நிற்கும்.