கடற்பாலமும் இரண்டு வெள்ளிகளும்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் தம் நாட்டுப் பணத்தை 'வெள்ளி' என்று வழங்குவர். தமிழகத்தில் இச்சொல் உலோகத்தையும் கோளையும் கிழமையையும் குறிக்குமேயன்றிப் பணத்தின் பெயராக வழங்குவதில்லை. முற்காலத்தில் இந்நாட்டில் புழங்கிய நாணயம் வெள்ளியால் வார்க்கப்பட்டமையால் இப்பெயர் அமைந்தது. மலாய் மொழியின் 'ரிங்கிட்' என்னும் சொல்லோ அதே நாணயத்தின் பல்வெட்டு விளிம்பைக் கண்டு எழுந்தது. இன்று ஜொகூர்க் கடற்பாலத்தின் இரு கரையிலும் வெள்ளி என்னும் சொல் ஒன்றே. அதன் பெறுமதியோ இரண்டு. இவ்வேற்றுமை எப்பொழுது, எவ்வாறு தோன்றியது என்பது ஆராயத்தக்கது.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்கள் 1867 ஏப்ரல் 1 வரை இந்திய ஆட்சியில் அடங்கியிருந்தன. அரசாங்கம் ரூபாயில் கணக்கு எழுதியது. வணிகரோ மெக்சிக்க வெள்ளியிலேயே கணக்கு வைத்தனர். எல்லை கடவாதவனும் பணம் மாற்ற வேண்டிய காலம் அது. நாணயம் மாற்றும்பொழுது பிடிக்கப்படும் கழிவை நம் முன்னோர் 'வட்டம்' என்றனர். இந்தியாவினின்று பிரிந்தபின் இங்கு ரூபாயின் சட்டத் தகுதி நீங்கியது. 1903இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கெனத் தனி வெள்ளி வெளிவந்தது. 1906இல் அதன் மதிப்பு இரண்டு சில்லிங் நான்கு பென்சு என நிலைநிறுத்தப்பட்டது. அதாவது, 7 பவுனுக்கு 60 வெள்ளி. ஜொகூர் தனக்கெனச் சுல்தானை உடைய தனி அரசாயினும் அங்கும் இவ்வெள்ளியே வழங்கியது.

ஆகவே, 1923இல் கடற்பாலத்தின்மீது புகைவண்டி ஓடத் தொடங்கியபொழுது பயணிகள் தம் பணத்தை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை. அக்கரைத் தோட்டத்தில் பெற்ற கூலி இக்கரைக் கடையில் குறைவின்றிச் சென்றது. சப்பானியர் ஆட்சியில் வாழைமரம் பொறித்த தாள்கள் இரு கரையிலும் புழங்கின. 1945இல் அவை இரு கரையிலும் ஒருங்கே மதிப்பிழந்தன. தாளின் மதிப்பு அதன் பின்னே நிற்கும் உறுதிமொழியில்தான் உள்ளது என்பதை மக்கள் அன்று பெருவிலை கொடுத்துக் கற்றனர். அதன்பின் 1957இல் மலாயா விடுதலை பெற்றது. 1963இல் மலேசியா அமைந்தது. 1965இல் சிங்கப்பூர் பிரிந்தது. கொடிகள் மாறினவேயன்றிப் பொதுப் பணம் மாறவில்லை.

1967 சூன் 12இல் மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்றும் தத்தம் பணத்தைத் தனித்தனியே வெளியிட்டன. ஆயினும் ஒன்றன் பணத்தை மற்றொன்று வட்டமின்றிச் சரிக்குச் சரியாக ஏற்கும் உடன்பாடும் உடன் பிறந்தது. சிங்கப்பூர் வங்கியில் மலேசியத் தாளைச் செலுத்தினால் முழு மதிப்பும் கிடைத்தது. அத்தாள்களைத் திரட்டித் திருப்பியனுப்பிக் கணக்குத் தீர்ப்பது நாணய அதிகாரிகளின் பொறுப்பு. மாற்றும் வேலை இல்லாமற் போகவில்லை. அது பயணியின் தோளிலிருந்து அரசின் தோளுக்கு ஏறியிருந்தது. அதே 1967இல் பாலத்தில் குடிநுழைவுச் சோதனை வந்துவிட்டது என்பது நோக்கத்தக்கது. ஆளைத் தடுத்து நிறுத்திக் கேள்வி கேட்ட எல்லை, அவன் சட்டைப்பையிலிருந்த காசைக் கேள்வி கேட்கவில்லை.

அவ்வாண்டு நவம்பரில் பிரிட்டன் தன் பவுனின் மதிப்பைக் குறைத்தது. புதிய வெள்ளிகள் தம் மதிப்பில் நின்றன. பவுனோடு பிணைந்திருந்த பழைய வெள்ளியோ 85 காசாகத் தாழ்ந்தது. புதிய தாள்கள் வந்து ஐந்து திங்களே ஆகியிருந்தமையால் பலர் கையில் பழைய தாள்களே இருந்தன. பினாங்கில் இதனை எதிர்த்து நடந்த கடையடைப்பு கலவரமாக மூண்டு உயிர்களையும் பலிகொண்டது. பணத்தின் மதிப்பு ஏழையின் சேமிப்பைத் தொடும்பொழுது அது பொருளாதாரப் பாடமாக மட்டும் நிற்பதில்லை.

சரிக்குச் சரி மாற்றும் ஏற்பாட்டை மலேசியா 1973 மே 8இல் முடித்துக்கொண்டது. அன்றே கடற்பாலத்தில் பணத்தின் எல்லை பிறந்தது எனலாம். முதலில் வேற்றுமை சிறிதாகவே இருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது விரிந்தது. 1975இல் மலேசியப் பணத்திற்கு ரிங்கிட் என்பதே அதிகாரப் பெயராயிற்று. 1998இல் நாணய நெருக்கடியின்பொழுது மலேசியா ஓர் அமெரிக்க வெள்ளிக்கு 3.80 ரிங்கிட் என நிலைநிறுத்தி, பயணி கையில் கொண்டு செல்லும் ரிங்கிட்டிற்கு 1,000 என வரம்பிட்டது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு ஏறத்தாழ மூன்றரை ரிங்கிட் கிடைத்தது.

மாற்றுக் கடையில் வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை மற்றொன்று. எடுத்துக்காட்டாக, கடைக்காரர் ஒரு சிங்கப்பூர் வெள்ளியை 3.20 ரிங்கிட்டுக்கு வாங்கி 3.25க்கு விற்பதாகக் கொள்வோம். நூறு வெள்ளியை மாற்றினால் 320 ரிங்கிட் கிடைக்கும். ஒன்றும் செலவிடாமல் அதனைத் திரும்ப மாற்றினால் 98 வெள்ளி 46 காசே கைக்கு வரும். குறைந்த ஒன்றரை வெள்ளியே இக்காலத்து வட்டம். 1973க்குமுன் அரசுகள் சுமந்த பொறுப்பிற்குப் பயணி இன்று கொடுக்கும் கூலி அது.

பழைய சமநிலையின் நிழல் ஓரிடத்தில் நெடுங்காலம் தங்கியது. பாலத்தைக் கடக்கும் மலேசியத் தொடர்வண்டிக்குச் சிங்கப்பூரில் சீட்டு வாங்கினால், ரிங்கிட்டில் குறித்த அதே எண்ணைச் சிங்கப்பூர் வெள்ளியில் கேட்டனர். 2015இல் தொடங்கிய தெப்ராவ் வண்டியிலும் ஜொகூர் பாருவில் ஏறுவோர்க்கு 5 ரிங்கிட், உட்லண்ட்சில் ஏறுவோர்க்கு 5 வெள்ளி என்றே கட்டணம் விதித்தனர். எண் சமம், பொருள் சமமன்று.

புருணையும் சிங்கப்பூரும் 1967இன் உடன்பாட்டை விடாமல் காத்து வந்துள்ளன. 2017இல் அதன் ஐம்பதாம் ஆண்டு நினைவாகப் பணத்தாளும் வெளியிட்டன. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் கடந்து புருணை செல்பவர் காசு மாற்ற வேண்டியதில்லை; ஒரு கிலோமீட்டர்ப் பாலத்தைக் கடந்து ஜொகூர் செல்பவர் மாற்ற வேண்டியுள்ளது. பணத்தின் எல்லையை வகுப்பது தொலைவன்று; ஒருவர் தாளுக்கு மற்றவர் பொறுப்பேற்கும் உறுதிமொழியே. அவ்வுறுதி இருந்தவரை இரு கரையிலும் வெள்ளி ஒன்றாயிருந்தது.