மின்கலமும் மின்குமிழும்

மின்கலம் ஒன்றையும் மின்குமிழ் (பல்பு) ஒன்றையும் கடத்துகம்பியால் இணைத்து ஒளிரச் செய்யும் அமைப்பு, மின்சுற்றுகளுள் மிக எளியதாகும். மின்கலத்தின் ஒரு முனையில் தொடங்கும் பாதை பல்பின் இழை வழியாகச் சென்று மறுமுனையை அடைந்தால் மட்டுமே மின்னோட்டம் நிகழும். பாதை எங்கேனும் அறுபட்டால் சுற்று முழுவதிலும் மின்னோட்டம் நின்றுவிடும்.

அமைப்பு

உலர் மின்கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 1.5 வோல்ட்டு ஆகும். அதன் மேற்புறக் குமிழ் நேர்முனை. தட்டையான அடிப்புறம் எதிர்முனை. டார்ச் பல்பிற்கும் இரு முனைகள் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டங்ஸ்டன் இழையின் ஒரு நுனி திருகு உறையுடனும் மறுநுனி அடியிலுள்ள ஈயப் பொட்டுடனும் இணைந்திருக்கும். இரண்டிற்கும் இடையே மின்கடத்தாப் பொருள் இருக்கும். இதை அறிந்தால் ஒரே கம்பி போதும்: பொட்டினை மின்கலக் குமிழின்மீது வைத்து, அடிப்புறத்தையும் திருகு உறையையும் கம்பியால் தொடுக்கலாம். பல்பை விடுத்து மின்கலத்தின் இரு முனைகளைக் கம்பியால் நேரே இணைப்பது குறுக்குச் சுற்று ஆகும். கம்பியும் மின்கலமும் சூடாகும். மின்கலம் விரைவில் தீரும்.

இது குழந்தை விளையாட்டெனத் தோன்றலாம். ஆனால் 1997இல் வெளிவந்த 'மைண்ட்ஸ் ஆஃப் அவர் ஓன்' என்னும் அமெரிக்க ஆவணப்படத்தில், அன்றே பட்டம் பெற்ற எம்.ஐ.டி. மாணவர்கள் சிலரால்கூட ஒரு மின்கலம், ஒரு கம்பி கொண்டு பல்பை எரியவைக்க இயலவில்லை.

தவறான கருத்துகள்

பல்பு மின்னோட்டத்தைத் 'தின்றுவிடுகிறது', ஆகவே திரும்பும் கம்பியில் ஓட்டம் குறைவு என்பது பரவலான எண்ணம். பல்பிற்கு முன்னும் பின்னும் அம்மீட்டரை இணைத்துப் பார்த்தால் ஒரே அளவே காட்டும். செலவாவது மின்கலத்தின் ஆற்றல், மின்னோட்டம் அன்று.

இந்தியாவில்

மத்தியப் பிரதேசத்தில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கி 2002 வரை நடைபெற்ற ஓசங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம், மாணவர் தாமே சோதனை செய்து அறியும் முறையை அரசுப் பள்ளிகளில் கையாண்டது. விலை மலிவான மின்கலமும் டார்ச் பல்பும் இத்தகைய கல்விக்கு நன்கு பொருந்துவன.

தொடர் இணைப்பும் பக்க இணைப்பும்

ஒரு மின்கலத்துடன் இரு பல்புகளைத் தொடராக இணைத்தால் இரண்டும் மங்கும். ஒன்றைக் கழற்றினால் மற்றதும் அணையும். பக்க இணைப்பில் இரண்டும் பிரகாசமாக எரியும். ஒன்றைக் கழற்றினாலும் மற்றது அணையாது. ஆயினும் மின்கலம் விரைவில் தீரும். தொடர் இணைப்பில் மின்னோட்டம் சரியாகப் பாதியாவதில்லை. இழையின் வெப்பம் குறையும்போது அதன் தடையும் குறைவதே காரணம்.

கொட்டாரம் முதலான குமரி மாவட்ட ஊர்களில் கோயில் திருவிழாவிலும் கிறித்துமசு நாளிலும் காணும் சீரியல் விளக்குகளின் பழைய வகை இத்தொடர் இணைப்பே. 6 வோல்ட்டு பல்புகள் 40 சேர்ந்தால், 230 வோல்ட்டில் ஒவ்வொன்றிற்கும் 5.75 வோல்ட்டு கிடைக்கும். ஒரு பல்பு பழுதடைந்தால் வரிசை முழுவதும் அணையும். அப்போது மின்னோட்டம் இல்லாததால் மற்ற பல்புகளில் மின்னழுத்த வீழ்ச்சியும் இராது. முழு 230 வோல்ட்டும் அறுந்த அந்த இடத்தின் இரு முனைகளுக்கிடையே நிற்கும். ஆகவே அணைந்த வரிசையில் பல்பு மாற்றுமுன் செருகியைப் பிடுங்கிவிட வேண்டும். மேற்கூறிய சோதனைகள் எதையும் வீட்டு மின்னிணைப்பில் செய்து பார்க்கக் கூடாது.