ஹந்தானையில் ஒரு இத்தி மரம்

ஹந்தானை ஏறினால் முதலில் தேயிலை, அப்புறம் பைன். காட்டைத் தேடத்தான் வேண்டியிருக்கு.

19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகக் காட்டை வெட்டினார்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பியைத் தின்றது, பின்னால் தேயிலை வந்தது. கைவிட்ட சரிவுகளில் மானாப் புல் ஏறியது. 1970, 80களில் அந்தப் புல்வெளியில் கரீபியன் பைனை நட்டார்கள்.

இத்தனை வெட்டுக்குப் பிறகும் மலையகத் தோட்டங்களில் அங்கங்கே ஆலும் இத்தியும் நிற்குதென்றால், அதில் நம்ம ஆட்களுக்கும் பங்குண்டு. அடியில் கல் நட்டு முனியாண்டி என்று கும்பிட்ட மரத்தில் யார் கத்தி வைப்பார்? சிங்களத்தில் ஆலை 'நுக' என்பார்கள். கண்டிக்குப் பக்கத்து நுகவெல ஊரின் பேரிலேயே அது இருக்கு.

கழுத்தை நெரிக்கிற மரம் என்று இத்திக்குக் கெட்ட பேர். பொய்யில்லை. குக்குறுவான் எச்சத்தில் விழுந்த விதை இன்னொரு மரத்தின் கவட்டில் முளைத்து, வேரை இறக்கி, தாங்கிய மரத்தையே மெல்ல மூடிவிடும். ஆனால் மற்ற மரங்கள் காய்க்காத மாதத்திலும் ஏதாவதொரு ஆலோ இத்தியோ பழுத்திருக்கும். பச்சைப்புறா, வௌவால், குரங்கு, மலை அணில் எல்லாம் கூடும். வருகிற பறவையும் வௌவாலும் வேறு காட்டு மரங்களின் விதையையும் அங்கே போட்டுவிட்டுப் போகும். பைன் மரத்தில் அதுகளுக்கு என்ன இருக்கு?

2010இல் ஹந்தானையைச் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவித்தார்கள். அறிவிப்பு மரம் நடாது, நாமதான் நடணும். கைப்பருமனான ஆலங்கொப்பை மழை தொடங்கும்போது ஊன்றினால் வேர் பிடிக்கும். வீட்டுச் சுவருக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நல்லா தள்ளி ஊன்றுங்கள். அதைவிடப் பெரிய வேலை, முதல் சில வருஷம் வெயில் காலத்தில் சுற்றியுள்ள மானாவை வெட்டி வைப்பது. அது பற்றினால் கன்று மிஞ்சாது.