நிர்மலா பிறந்த கதை

கோயம்புத்தூரின் வரலாற்றைச் சொல்லத் தொடங்குகிறவர்கள் பஞ்சாலையிலிருந்துதான் தொடங்குவார்கள். 1888இல் ஸ்டேன்ஸ் மில், 1930களில் பைக்காராவிலிருந்து வந்த மின்சாரம், அதன் பின்னே வரிசையாக எழுந்த ஆலைகள், மோட்டார் பம்ப், ஜி.டி. நாயுடு, பி.எஸ்.ஜி. குடும்பம். எல்லாமே உண்மை, எல்லாமே பெருமைக்குரியவை. ஆனால் இந்த வரலாற்றில் பெண்களைத் தேடினால் மில் சங்கு ஊதியதும் ஷிப்டுக்கு விரைகிறவர்களாக மட்டுமே தட்டுப்படுகிறார்கள். பெண்களே தொடங்கி, பெண்களே நடத்தி வளர்த்த ஒரு பெரிய நிறுவனமும் இதே ஊரில்தான் இருக்கிறது. புளியகுளத்தை அடுத்த ரெட்பீல்ட்ஸில், 1948இல் தொடங்கிய நிர்மலா மகளிர் கல்லூரி. கோவையின் முதல் பெண்கள் கல்லூரி அது.

தொடங்கியவர்கள் காணிக்கை அன்னையின் பிரான்சிஸ்கன் சபைத் துறவியர். ஊர் வாயில் பிரசன்டேஷன் சிஸ்டர்கள். கல்லூரிக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஆனால் அதன் கதை 1948இல் தொடங்கவில்லை. அதற்கு நூறு ஆண்டு முன்னே போக வேண்டும், அதுவும் முதலில் புதுச்சேரிக்கு.

1844இல் புதுச்சேரியில் கத்தோலிக்கக் குருக்களின் மாமன்றம் ஒன்று கூடியது. கூடியவர்களில் பெரும்பாலோர் பிரான்சிலிருந்து வந்த பாதிரியார்கள், ஆனால் பேசியது இந்த மண்ணைப் பற்றி. இங்குள்ளவர்களையே குருக்களாக்க வேண்டும், பள்ளிக்கூடங்கள் திறக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அதே ஆண்டு லூயி துப்புய் என்ற குரு, பெண் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதற்கென்றே தமிழ்ப் பெண்களைக் கொண்டு புதுச்சேரியில் ஒரு துறவற சபையை உண்டாக்கினார். தமிழ்–பிரெஞ்சு அகராதி ஒன்றில் பெயர் பதித்தவரும் இவர்தான். அவர் எடுத்துக்கொண்ட காரியம் எவ்வளவு துணிச்சலானது என்பது இன்று நமக்கு எளிதில் விளங்காது. எழுத்துப் படித்த பெண் என்றாலே கோயிலில் ஆடுகிறவளாகத்தான் இருப்பாள் என்று ஊர் நம்பிய காலம் அது. அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின், 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட, சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருந்தார்கள்.

அந்த மாமன்றத்தில் உட்கார்ந்து கேட்டவர்களில் ஒருவர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக். 1813இல் பிரான்சில் பிறந்து, 1842இல் இந்தியா வந்தவர். கோவைப் பகுதியின் பொறுப்பு அவரிடம் வந்தது. 1846 அக்டோபரில் ஆயராகத் திருநிலை பெற்றது கருமத்தம்பட்டியில். இன்று அவினாசி சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் விசைத்தறி ஊராக மட்டும் பார்த்துவிட்டுக் கடந்துபோகும் அந்தக் கருமத்தம்பட்டிதான், கொங்கு நாட்டுக் கிறிஸ்தவத்தின் பழைய தலைமையிடம். ஜெபமாலை மாதா கோயில் இன்னும் அங்கே நிற்கிறது.

பிரெசியாக்குக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. தான் இங்கே நிரந்தரமாக இருக்கப் போகிறவன் அல்ல, இந்தத் திருச்சபை இங்குள்ளவர்கள் கையில்தான் போய்ச் சேர வேண்டும் என்பார். கூட வந்த பிரெஞ்சுக்காரர்கள் எல்லோரும் இதை ஒப்புக்கொண்டவர்கள் அல்லர். அந்தப் பிடிவாதத்தின் விளைவுகளில் ஒன்றாகத்தான் 1853இல் கோவையில் உள்ளூர்ப் பெண்களுக்கான ஒரு துறவற சபை பிறந்தது. பின்னாளில் நிர்மலாவைத் தொடங்கியது இந்தச் சபைதான். புதுச்சேரியில் துப்புய் விதைத்தது கோவையில் இன்னொரு இடத்தில் முளைத்தது என்று சொல்லலாம்.

அவர் இங்கே நீடிக்கவில்லை. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களிடம் தொடர்ந்துவந்த சாதி வழக்கங்களையும் சடங்குகளையும் எவ்வளவு தூரம் அனுமதிப்பது என்ற பழைய வழக்கு அவர் மனச்சாட்சியை அரித்தது. ரோமாபுரியிலிருந்து தெளிவான பதில் வரவில்லை. 1855இல் பதவியை விட்டு விலகிப் பிரான்சு திரும்பினார். அடுத்த ஆண்டே லியோன் நகரில் ஆப்பிரிக்காவுக்கான மறைப்பணிச் சபை ஒன்றைத் தொடங்கி, 1859இல் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் போய் இறங்கினார். ஆறு வாரத்தில் மஞ்சள் காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. வயது நாற்பத்தாறு நிரம்பவில்லை. உலகம் அவரை அந்த ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையின் நிறுவனராக நினைவில் வைத்திருக்கிறது. கோவையில் அவர் விட்டுச்சென்ற பெண்கள் சபையோ சத்தமில்லாமல் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தது.

இந்தக் கதையில் என்னை மிகவும் ஈர்ப்பது அந்தச் சபை உள்ளூரிலேயே பிறந்தது என்பதுதான். தமிழர் வாழும் பகுதிகளின் கிறிஸ்தவக் கல்லூரிகள் பலவற்றின் கதையில் கடலுக்கு அப்பால் ஒரு நிர்வாகக் குழு உண்டு. 1823இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் டேனியல் பூவர் தலைமையில் அமைந்த செமினரிக்குப் பின்னால் அமெரிக்க மிஷன் இருந்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரியின் பெயரே அதைச் சொல்லிவிடும். அதே மதுரையில் லேடி டோக் கல்லூரியைத் தொடங்கியவர் கேட்டி வில்காக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. இவர்கள் செய்ததைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நிர்மலாவைத் தொடங்கிய சபை கோயம்புத்தூரிலேயே பிறந்தது. விதைத்த கை பிரெஞ்சுக் கையாக இருக்கலாம், தொண்ணூற்றைந்து ஆண்டு தண்ணீர் ஊற்றியவர்கள் நம் ஊர்ப் பெண்கள்.

1940களில் ஒரு கொங்குப் பெண் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். அதுவே பெரிய சங்கதி. மேலே படிக்க வேண்டுமென்றால் அவளுக்கு இரண்டு வழி. ஒன்று, ஆண்கள் நிறைந்த கல்லூரியில் ஒன்றிரண்டு பேராக ஒதுங்கி உட்கார்ந்து படிப்பது. முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் பட்ட பாடு எல்லோரும் அறிந்தது. இன்னொன்று, இரவெல்லாம் ரயிலில் போய்ச் சென்னையில் ராணி மேரி கல்லூரியிலோ மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியிலோ, இல்லாவிட்டால் திருச்சி ஹோலி கிராஸிலோ சேர்ந்து ஹாஸ்டலில் தங்குவது. பொள்ளாச்சியிலோ கோபியிலோ தோட்டத்துச் சாளையில் குடியிருக்கும் குடும்பத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் என்ன பதில் வரும் என்பது கொங்குக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "அத்தனை தூரத்துல அம்மிணியத் தனியா உட்டுப்போட்டு நாம எப்படிங்க நிம்மதியா இருக்கறது?" அதோடு பேச்சு முடிந்துவிடும், அடுத்த தையில் கல்யாணமும் முடிந்துவிடும். பணமில்லாமல் நின்ற படிப்பைவிடத் தூரத்தால் நின்ற படிப்புதான் அதிகம் என்பது என் கணிப்பு.

அந்தத் தூரத்தைத்தான் சகோதரிகள் ஒழித்தார்கள். கன்னியர் மடத்துப் பள்ளியில் பெண்ணை விட்டுப் பழகிய பெற்றோருக்கு, அதே சிஸ்டர்கள் நடத்தும் கல்லூரி, அதே ஊரில், மதில் சுவருக்குள் என்றால் பாதிக் கவலை தீர்ந்துபோகும். கொங்கு நாட்டில் கிறிஸ்தவர்கள் மிகச் சிறிய எண்ணிக்கை. அவர்களை மட்டும் நம்பிக் கல்லூரி திறந்திருந்தால் வகுப்பறை நிரம்பியிருக்காது. கவுண்டர் வீடுகளும் நாயுடு வீடுகளும் செட்டியார் வீடுகளும் சிஸ்டர்களை நம்பின. அந்த நம்பிக்கை ஒரே நாளில் வந்ததல்ல, மூன்று நான்கு தலைமுறையாகப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து வைத்தது.

காலமும் கூடி வந்தது. 1947 ஆகஸ்ட் 15, நாடு விடுதலை பெற்ற அன்றே சென்னையில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி 32 மாணவியரோடு தொடங்கியது. அடுத்த ஆண்டில் சென்னையில் எத்திராஜ், மதுரையில் லேடி டோக், தூத்துக்குடியில் புனித மரியன்னை, கோவையில் நிர்மலா. இரண்டே ஆண்டில் ஐந்து பெண்கள் கல்லூரிகள்! ஸ்டெல்லா மாரிஸை நடத்தும் மரியின் பிரான்சிஸ்கன் மறைப்பணியாளர் சபையும் 1877இல் ஊட்டியில் பிறந்ததுதான். அன்று ஊட்டி கோவை ஆயரின் ஆளுகைக்குள் இருந்தது. ஆக, இந்த ஐந்தில் இரண்டின் வேர் நம் பக்கத்து மண்ணில்தான் இருக்கிறது.

அப்போது சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். திருப்பூரில் பிறந்தவர், பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண வித்யாலயத்தை நிறுவியவர், உயர்நிலைப் பள்ளிகளில் தமிழைப் பயிற்று மொழியாக்கியவர். அவர் அமைச்சராக இருந்த 1946–49 காலத்தில்தான் பி.எஸ்.ஜி. கலைக்கல்லூரி (1947), நிர்மலா இரண்டும் வந்தன. கோவைத் திருச்சபையிலும் காலம் மாறியிருந்தது. 1940இல் உபகாரசாமி ஆயரானார், இந்தியர் ஒருவர் அந்த இருக்கைக்கு வந்தார். பிரெசியாக் ஆசைப்பட்டது நடக்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

கல்லூரி தொடங்குவது என்பது பலகை மாட்டித் திறப்பு விழா வைப்பதோடு முடிவதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு வேண்டும். கமிஷன் வந்து கட்டடம், நூலகம், ஆய்வகம், ஆசிரியர்களின் தகுதி எல்லாவற்றையும் பார்க்கும். புதுக் கல்லூரி என்றால் பெரும்பாலும் முதலில் இரண்டாண்டு இன்டர்மீடியட், பட்ட வகுப்புக்கு அதன் பிறகுதான் அனுமதி. அதைவிடப் பெரிய சிக்கல் ஆள். பள்ளியில் பாடம் எடுக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியை போதும். கல்லூரிக்கு முதுகலைப் பட்டம் பெற்றவர்கள் வேண்டும், அதிலும் பெண்கள் வேண்டும். பட்டதாரிப் பெண்ணே அபூர்வமாக இருந்த நாளில் இந்தத் தேவையைச் சமாளிப்பதற்கு எத்தனை கடிதம் போட்டிருப்பார்கள், எத்தனை பேரைப் படிக்க அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

பிறகு வந்தவை விரைவாக வந்தன. 1957இல் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி, 1963இல் கிருஷ்ணம்மாள் கல்லூரி. கோவை பெண்கள் படிக்கிற ஊர் என்று பெயரெடுக்கப் பதினைந்து ஆண்டு போதுமானதாக இருந்தது. 1982இல் பாரதியார் பல்கலைக்கழகம் உருவானபோது நிர்மலா அதன் குடைக்குள் வந்தது. இன்று தன்னாட்சிக் கல்லூரி. இலக்கியம், வரலாறு, பொருளாதாரம், அறிவியல், வணிகவியல் என்று இளங்கலை முதல் ஆராய்ச்சிப் பட்டம் வரை படிக்கலாம். தரச்சான்றும் தரவரிசையும் கல்லூரியின் முகப்பில் எழுதிவைக்க உதவும். நான் பெரிய சாதனையாக நினைப்பது வேறு. இங்கே பட்டம் வாங்கி ஆசிரியைகளாகப் போனவர்கள் கொங்கு நாட்டுப் பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றார்கள். தன்னைப் போலவே பேசுகிற, தன் ஊர்ச் சாயலுள்ள ஒரு டீச்சரம்மா பி.ஏ. படித்தவர் என்பதைப் பார்த்த பிறகு அந்தப் பிள்ளையின் வீட்டில் "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க காலேஜு" என்ற கேள்வி மெல்ல மெல்ல வலுவிழந்தது.

1948இல் பதினாறு வயதில் சேர்ந்திருக்கக்கூடிய மாணவி இப்போது தொண்ணூறைத் தாண்டியிருப்பார். ஆலை முதலாளிகளின் வாழ்க்கை வரலாறு நூலாக வந்திருக்கிறது, அவர்கள் பெயரில் சாலைகள் இருக்கின்றன. அந்த முதல் சில ஆண்டு மாணவியரையும் அவர்களுக்கு வகுப்பெடுத்த சகோதரிகளையும் தேடிப் போய், வீட்டில் எப்படிச் சம்மதம் கிடைத்தது, எந்தப் பஸ்ஸில் வந்தார்கள், படித்து முடித்து என்ன ஆனார்கள் என்று கேட்டுப் பதிவுசெய்யும் வேலையைக் கோவையின் வரலாற்றுத் துறை மாணவியர் இந்த ஆண்டே கையிலெடுக்கலாம். பெரிய செலவு பிடிக்காது. ஒரு செல்போனும் சில ஞாயிற்றுக்கிழமைகளும் போதும்.